தபீதாள் அறுத்த மேசைக்கால்கள்

சேலையூரில் கேம்ப் ரோட்டை விட்டு உள்ளே திரும்பினால் ஒரு செம்மண் தெரு. அங்கேதான் தபீதாளின் வீடு, வாடகை வீடுதான். அந்த வீட்டுக்குள் முதல் தடவை நுழைகிறவர்கள் யாராக இருந்தாலும் முட்டியில் இடித்துக்கொள்ளாமல் திரும்பியதில்லை. மேசை, முகம் பார்க்கும் கண்ணாடி, தண்ணீர்ப் பானை, துணி மாட்டும் ஆணி என்று அங்கே எல்லாமே முழங்கால் உயரத்தில் இருந்தன. அவள் புருஷன் தயாளனுடைய அண்ணன் துரைராஜ் ஒருமுறை முட்டியைத் தேய்த்துக்கொண்டே, "தம்பி, உன் பொண்டாட்டி மரத்தை அறுக்கலடா, வர்றவன் காலை அறுக்கிறா" என்றார். தபீதாள் காப்பியை அவர் கையில் கொடுத்து, "குனிஞ்சு வரப் பழகுங்க அத்தான்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அந்த வீட்டை அவள் வேண்டுமென்றேதான் அப்படிப் பண்ணினாள். அதற்காக எத்தனை பேரிடம் பாராட்டு வாங்கினாள் என்பதும், பிறகு அவ்வளவையும் தன் கையாலேயே பிடுங்கினாள் என்பதும்தான் கதை.

தயாளன் தாம்பரம் ரயில்வே ஷெட்டில் ஃபிட்டர். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தைந்தில் கல்யாணமாகிக் குடிவந்தபோது அவர்களிடம் இருந்தது ஒரு தகரப் பெட்டி, ஒரு பாய், சபையார் சேர்ந்து கொடுத்த சுவர்க் கடிகாரம். "மேசை நாற்காலியெல்லாம் கொஞ்ச நாள் போகட்டும் தபீ" என்றான் தயாளன். கொஞ்ச நாள் போகட்டும் என்று உட்காருகிற பெண்ணா அவள்? அவள் அப்பா அசரியா செங்கல்பட்டில் கைத்தொழில் வாத்தியார். அந்த வீட்டில் கரண்டியைவிட உளி அதிகம். தகரப் பெட்டியைத் திறந்தாள். கூறைப் புடவைக்கு அடியிலிருந்து ஒரு ரம்பத்தையும் இழைப்புளியையும் வெளியே எடுத்தாள்.

தேயிலைப் பெட்டியைக் கவிழ்த்து, பழைய வாயில் சேலையைச் சுருக்கம் வைத்துச் சுற்றிக் கட்டினாள். பவுடர் டப்பா வைக்க மேசை கிடைத்தது. பேக்கிங் பெட்டிப் பலகைகளை இழைத்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்துப் பூசினாள். வேதாகமமும் பாட்டுப் புஸ்தகமும் வைக்க அலமாரி ஆயிற்று. தலையணை உறையில் ரோஜாப்பூ போட்டு, அதன் கீழே 'குட் நைட்' என்று எம்பிராய்டரி செய்தாள். வெள்ளிக்கிழமை வந்தால் பல்லாவரம் சந்தை. கையொடிந்த நாற்காலி, காலொடிந்த கட்டில் என்று யாரும் தொடாததைத்தான் அவள் தொடுவாள்.

"இன்னாமா, இத்த எட்துகினு போய் அடுப்புல வெக்கப் போறியா?" என்பான் சந்தைக்காரன்.

"ஒரு மாசம் கழிச்சு வீட்டுப் பக்கம் வா. உக்காரட்டுமான்னு நீயே கேப்ப" என்பாள் அவள்.

பக்கத்து வீட்டில் கலீலும் அவர் மனைவி ஜஹீராவும் இருந்தார்கள். கலீலுக்கு பம்மலில் தோல் பதனிடுகிற ஷாப்பில் வேலை. பிரம்பு அறுந்த நாற்காலி ஒன்றுக்குத் தோல் வாரால் பின்னிவிடலாம் என்று தபீதாளுக்குத் தோன்ற, கலீலிடம் துண்டுத் தோல் கேட்டாள். அவர் கொண்டுவந்து வைத்த மூட்டையில் பதப்படுத்தின தோலும் இருந்தது, பாதி பதத்தில் கழித்துப் போட்டதும் இருந்தது. இவள் ஆசை அவசரத்தில் எதையும் மோந்து பார்க்காமல் பின்னிவிட்டாள். ஐப்பசி மழையில் ஈரம் ஏறியதும் தெருநாய் அத்தனையும் வாசலில் வந்து உட்கார்ந்துகொண்டன. அன்றைக்கென்று சபைப் போதகரான ஐயர் வீடு சந்திக்க வந்து, ஜெபத்தைப் பாதியில் முடித்துக்கொண்டு கிளம்பினார். ஜஹீரா முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு சிரித்தாள். தபீதாள் நாற்காலியைப் பிரித்து, நல்ல தோலில் மறுபடியும் பின்னி, அடுத்த மாதமே ஐயரை அழைத்து உட்காரவைத்தாள். தோல்வியோடு தூங்குகிற பழக்கம் அவளுக்கு இல்லை.

அறுபத்தேழில் பெண் பிறந்தது. தயாளனின் அம்மா பெயரை வைத்து ஞானசௌந்தரி என்றார்கள், வாய்க்கு சௌந்தி. நடக்க ஆரம்பித்து, அலமாரியைப் பிடித்துக்கொண்டு வேதாகமத்தை இழுத்துக் கீழே போடுகிற வயதில் ஒரு காய்ச்சல் வந்தது. காய்ச்சல் போயிற்று. போகும்போது பிள்ளையின் வலது காலை எடுத்துக்கொண்டு போயிற்று. இடது காலிலும் பாதி பலம்தான் மிச்சம். இளம்பிள்ளை வாதம் என்றார்கள். பட்டணத்து ஆஸ்பத்திரியில் பெரிய டாக்டர் சொன்னார்: "கம்பி பூட்ஸ் போடணும், பயிற்சியை விடக்கூடாது. விடாம செஞ்சா நிப்பா, நடக்கவும் செய்வா. விட்டுட்டா, அப்புறம் என்கிட்ட வந்து அழாதீங்க."

தபீதாள் அழுதாள். அழுது முடித்து ரம்பத்தை எடுத்தாள்.

அவளுக்குத் தெரிந்த வைத்தியம் அதுதான். பிள்ளை தரையில் நகர்ந்து நகர்ந்து போய், மேசைக்குக் கீழே உட்கார்ந்து மேலே பார்க்கும். அந்தப் பார்வையை அவளால் தாங்க முடியவில்லை. மேசைக்காலை அறுத்தாள். கட்டில் காலை அறுத்தாள். தான் பெருமையாகப் பண்ணின அலமாரியைக் குறுக்கே வெட்டிப் பாதியாக்கினாள். கண்ணாடியை இறக்கினாள், பானையை இறக்கினாள், சுவிட்சில் கயிறு கட்டிக் கீழே தொங்கவிட்டாள். தொட்டதெல்லாம் பிள்ளைக்கு எட்டியது. கடைசியாக, சந்தையில் பழைய பேரிங்குகள் வாங்கிவந்து தயாளன் அச்சுப் போட்டுக் கொடுக்க, மேலே பலகை வைத்து, பலகைக்கு மெத்தை வைத்து, மெத்தைக்குச் சிவப்புத் தோல் உறை போட்டு ஒரு வண்டி செய்தாள். சௌந்தி இரண்டு கையாலும் தரையைத் தள்ளி, சமையலறையிலிருந்து வாசல்வரைக்கும் கடகடவென்று ஓடினாள். "தள்ளு தள்ளு, மெயில் வருது!" என்று கத்துவாள். என்ன சிரிப்பு அந்தப் பிள்ளைக்கு! அந்தச் சிரிப்புக்காகத் தபீதாள் கூரையைக்கூட அறுத்து இறக்கியிருப்பாள்.

தெருவே வந்து பார்த்தது. மாதர் சங்கத்தார் வந்து பார்த்தார்கள். "தாய்னா இவ தாய்" என்றார்கள். கம்பி பூட்ஸ் மட்டும் கட்டிலுக்குக் கீழே கிடந்தது. போட்டால் உறுத்துகிறது என்று பிள்ளை அழும். அழுதால் இவள் கழற்றிவிடுவாள். மின்சார ரயிலில் தூக்கிக்கொண்டு போய்ச் செய்துவந்த பயிற்சியும் வாரம் தவறி, மாதம் தவறி, நின்றே போயிற்று. எல்லாரும் நல்ல தாய் என்கிறார்கள், பிள்ளை சிரித்துக்கொண்டிருக்கிறது. அதில் யார் போய்க் குறை கண்டுபிடிப்பார்கள்?

எழுபத்திரண்டு ஜூனில் சௌந்தியைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கத் தூக்கிக்கொண்டு போனாள். தலைமை ஆசிரியை ரத்தினபாய் பிள்ளையிடம் கேள்வி கேட்டார். சௌந்தி எழுத்து சொன்னாள், வாய்ப்பாடு சொன்னாள், கேட்காத பாட்டையும் பாடினாள்.

"கெட்டிக்காரி. ஆனா எழுந்து நிப்பாளா?"

"வண்டி செஞ்சிருக்கேன் டீச்சர். படிக்கட்டுக்கு நானே சாய்வா பலகை போட்டுத் தர்றேன்."

"பலகை போடுவம்மா, தெரியும். பாத்ரூம் போகணும்னா? மத்த பிள்ளைங்க ஓடுறப்ப நடுவுல தரையில கெடந்தா? எங்ககிட்ட ஆயா இல்ல. தானா எழுந்து, எதையாவது பிடிச்சுக்கிட்டு நாலு எட்டு வைக்கட்டும். கிறிஸ்துமஸ் லீவு முடிஞ்சு கூட்டிட்டு வா. அவ இடத்தை நான் யாருக்கும் குடுக்க மாட்டேன்."

தபீதாளுக்குத் தலைக்குமேல் கோபம். வழியெல்லாம் திட்டிக்கொண்டே வந்தாள். வந்ததும் சாய்வுப் பலகைக்கு மரம் இழைக்க உட்கார்ந்துவிட்டாள், பலகையைப் பார்த்தால் அந்த அம்மாள் மனம் மாறிவிடும் என்று.

அந்தச் சனிக்கிழமைதான் மெட்டில்டா வந்தாள். ஆஸ்பத்திரியில் பிள்ளைகளுக்குக் காலைப் பிடித்துப் பயிற்சி கொடுக்கிறவள். தாம்பரம் ரயில்வே குவார்ட்டர்ஸில் தம்பி வீட்டில் இருக்கிறாள், கல்யாணம் ஆகவில்லை, ஞாயிற்றுக்கிழமை கோயிலில் தபீதாளுக்கு இரண்டு வரிசை முன்னால் உட்காருவாள். பிள்ளையைப் பயிற்சிக்கு மாதக்கணக்கில் காணோமே என்று அவளாகவே தேடிக்கொண்டு வந்தாள். முட்டியில் இடித்துக்கொண்டாள். பிறகு குட்டை ஸ்டூலில் உட்கார்ந்து சுற்றிலும் பார்த்தாள். சௌந்தி வண்டியில் வந்து, கண்ணாடி முன்னால் நிறுத்தி, ரிப்பனைச் சரிசெய்துகொண்டு, பானையிலிருந்து தானே தண்ணீர் மொண்டு அவளுக்குக் கொடுத்தாள். தபீதாள் பாராட்டுக்காகக் காத்துக்கொண்டு நின்றாள்.

"அழகா செஞ்சிருக்கீங்க. பொய் சொல்லல, நான் இந்த மாதிரி எங்கயும் பாத்ததில்ல" என்றாள் மெட்டில்டா. "ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். இந்த வீட்டுல உங்க பொண்ணு எழுந்து நிக்கணும்னு எதுக்காவது அவசியம் இருக்கா?"

தபீதாளுக்கு முதலில் புரியவில்லை.

"எல்லாம் கைக்கு வந்துடுதே. அப்புறம் அவ கால் எதுக்கு வேலை செய்யணும்? நீங்க மேசைக்காலை மட்டும் அறுக்கலம்மா."

அவ்வளவுதான். தபீதாள் வெடித்துவிட்டாள். "பிள்ளை பெத்திருந்தா இப்படிப் பேச மாட்டீங்க!" என்றாள். சொன்ன பிறகு திரும்ப அள்ள முடியுமா? மெட்டில்டா தண்ணீரை மிச்சம் வைக்காமல் குடித்தாள், சௌந்தியின் கன்னத்தைத் தட்டினாள், செருப்பைப் போட்டுக்கொண்டு போய்விட்டாள்.

மறுநாள் காலை தபீதாள் அடுப்படியில் இருந்தாள். "அம்மா" என்று குரல். தயாளன் சௌந்திக்கு நகம் வெட்டிவிடும்போது அவள் கையிலிருந்த பலப்பத்தை வாங்கித் தையல் மிஷின் மேல் வைத்து மறந்திருந்தான். வீட்டில் உயரமாக மிஞ்சியிருந்தது அந்த மிஷின் ஒன்றுதான். சௌந்தி அதன் பக்கத்திலேயே வண்டியில் இருந்தாள். கையை உயர்த்தக்கூட இல்லை, நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை; "அம்மா" என்றாள், அவ்வளவே. தபீதாளின் கை தானாகப் போய்ப் பலப்பத்தை எடுத்துக் கொடுத்தது. கொடுத்த பிறகு அவள் தன் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள். அடுப்பில் பால் பொங்கி வழிந்ததுகூடத் தெரியவில்லை. ஐயோ, நான் என்ன பண்ணிவிட்டேன், ஆசையாசையாகப் பண்ணினேனே!

ஆராதனை முடிந்ததும் கோயில் வாசலில் மெட்டில்டாவைப் பிடித்தாள். "நேத்து நான் பேசினது..." என்று ஆரம்பித்தாள்.

"அதை விடுங்க" என்றாள் மெட்டில்டா. "எது எது எவ்வளவு உயரத்துக்கு ஏத்தணும்னு கேக்கத்தானே வந்தீங்க?"

அன்று சாயங்காலமே வேலை தொடங்கியது. மேசைக்குப் புதுக் கால் வைத்தாள். கண்ணாடியை, நின்றால்தான் முகம் தெரியும் என்ற உயரத்துக்கு ஏற்றினாள். சௌந்தியின் பொம்மை, சிலேட்டு, சீப்பு, தம்ளர் எல்லாம் மேலே போயின. வழவழவென்று இழைத்த சவுக்குக் கழி ஒன்றை ஜன்னல் சுவர் நெடுக, பிள்ளையின் நெஞ்சு உயரத்தில் பொருத்தி, கை வழுக்காமலிருக்கத் தோல் சுற்றினாள். கம்பி பூட்ஸின் உள்பக்கம் உறுத்துகிற இடமெல்லாம் கலீல் கொண்டுவந்த ஆட்டுத் தோலை மெத்தையாக வைத்துத் தைத்தாள். கடைசியாக வண்டி. பேரிங்கைக் கழற்றும்போது சௌந்தி வண்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கத்தினாள். தயாளன் பார்க்க முடியாமல் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டான். ஆம்பிளைகளுக்கு வெளியே போக எப்போதும் ஒரு இடம் இருக்கிறது.

பிறகு வந்த மாதங்களைப் பற்றி என்ன சொல்ல? காலையில் எழுந்ததும் பூட்ஸ், பயிற்சி, அழுகை. மெட்டில்டா வேலை முடிந்து போகிற வழியில் வந்து காலை நீட்டி மடக்கிச் சொல்லிக்கொடுப்பாள். கையைப் பிடித்து நிறுத்தினால் சௌந்தி நிற்பாள், விட்டால் சரிந்து உட்கார்ந்துவிடுவாள். பிள்ளை பிடிவாதத்தில் தாயை உரித்து வைத்திருந்தது. பொம்மை மேலே இருந்தால் பொம்மையே வேண்டாம். தேய்ந்துபோன செருப்பு ஒன்றை எடுத்து, அதற்குக் கைக்குட்டை சுற்றித் தாலாட்டினாள். சீப்பு எட்டவில்லையா, சரி, பரட்டைத் தலையோடு இருந்தாள். ஒருநாள் அப்பாவிடம், "அம்மாவுக்கு என்னைப் பிடிக்கலப்பா. என் சாமான் எல்லாம் ஒளிச்சு வச்சிட்டாங்க" என்றாள். சட்னி அரைத்துக்கொண்டிருந்த தபீதாள் குழவியை நிறுத்தவில்லை. கண்ணில் தண்ணீர் வந்தது மிளகாயால் என்று சொல்லிக்கொள்ளலாம்.

ஜஹீராவாலும் தாங்க முடியவில்லை. இவள் தண்ணீர் பிடிக்கப் போகிற நேரம் பார்த்து உள்ளே வந்து பொம்மையைக் கீழே எடுத்துக் கொடுத்துவிடுவாள். ஒருநாள் கையும் களவுமாக மாட்டிக்கொண்டாள்.

"பெத்த மனம் பித்துன்னு சொல்லுவாங்க. உங்களுக்கு மட்டும் கல்லா, அக்கா?" என்று ஜஹீராவே அழுதாள்.

"அஞ்சு வருஷம் பித்தாத்தான் இருந்தேன் ஜஹீரா. அதோட லட்சணம்தான் தரையில கெடக்குது" என்றாள் தபீதாள். பொம்மையை வாங்கி மறுபடியும் மேலே வைத்தாள். வைத்துவிட்டுப் பின்கட்டுக்குப் போய் வாளியைக் காலால் உதைத்தாள். யார்மேல்தான் காட்டுவது அந்தக் கோபத்தை?

கார்த்திகை பிறந்தது. கிறிஸ்துமஸுக்குத் தெருவில் வெள்ளையடிக்க ஆரம்பித்துவிட்டார்கள். தபீதாளுக்கு நம்பிக்கை விட்டுப்போய்க்கொண்டிருந்தது. அடுக்களை மூலையில் கிடந்த பேரிங்குகளை இரண்டு தடவை கையில் எடுத்துப் பார்த்து, கீழே வைத்தாள்.

ஒரு மத்தியானம் நல்ல மழை. ரோட்டில் முழங்கால் தண்ணீர், பள்ளிக்கூடத்தை மூடிவிட்டார்கள். தெருப்பிள்ளைகள் அத்தனையும் காகிதக் கப்பல் விடுகிற கூச்சல் ஜன்னல் வழியாக வந்தது. "ஏய் சௌந்தி, என் கப்பல் கலீல் பாய் சைக்கிளை இடிச்சிடுச்சு! வந்து பாருடி!" என்று யாரோ கத்தினார்கள். தரையில் இருந்த சௌந்திக்கு ஜன்னலில் வானம் மட்டும்தான் தெரியும்.

"அம்மா, தூக்கு."

தபீதாள் தோளில் ஒரு துணியைப் போட்டுக்கொண்டு அடுக்களை நிலையில் நின்றிருந்தாள். அசையவில்லை.

"அம்மா! கப்பல் போயிடும்! தூக்கும்மா!"

ஓடிப்போய் அள்ளிக்கொள்ளச் சொல்லி அவள் உடம்பெல்லாம் துடித்தது. நிலைக்கால் மரத்தை நகம் பதியப் பிடித்துக்கொண்டாள். சௌந்தி அம்மாவை ஒரு முறை முறைத்தாள். திரும்பினாள். சுவர்வரைக்கும் நகர்ந்து போனாள். கழிக்கு ஒரு கை போட்டாள், வழுக்கி விழுந்தாள். மறுபடியும் போட்டாள், இன்னொரு கையும் போட்டாள். பல்லைக் கடித்துக்கொண்டு உடம்பை இழுத்தாள். கம்பி பூட்ஸ் தரையில் கீச்சென்று இழுபட்டது, கால் நீண்டது, பூட்ஸ் கம்பியின் முட்டிப் பூட்டு 'டக்'கென்று விழுந்து கால் மடங்காமல் பிடித்துக்கொண்டது. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஞானசௌந்தரி நின்றாள். யாரும் நிறுத்தவில்லை, அவளே நின்றாள்.

பிள்ளை தெருவைப் பார்க்கும், கைதட்டும் என்று தபீதாள் நினைத்தாள். பிள்ளையோ ஜன்னல் படியைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தது. விரலால் ஒரு கோடு இழுத்தது.

"ஐயே, இங்க எவ்ளோ தூசிம்மா! நீ துடைக்கவே மாட்டியா?"

வீட்டில் ஒரு பொட்டுத் தூசி விடமாட்டாள் என்று மாதர் சங்கத்தில் பெயர் வாங்கின தபீதாளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தன. வாயைப் பொத்திக்கொண்டாள்.

"துணி குடு. நான் துடைக்கிறேன்."

தோளில் கிடந்த துணியை எடுத்துக்கொண்டு நாலே தாவில் பிள்ளையிடம் போய்விட்டாள். கை நீண்டுவிட்டது. துணி பிள்ளையின் விரலைத் தொடப்போகிற நேரத்தில் அந்தக் கையைத் தபீதாள் பின்னால் இழுத்துக்கொண்டாள். கழி முடிகிற மறுகோடிக்குப் போனாள். அங்கே சுவரில் இருந்த ஆணியில் துணியை மாட்டினாள்.

சௌந்தி துணியைப் பார்த்தாள். அது இருக்கிற தூரத்தைப் பார்த்தாள். பிறகு அம்மாவைப் பார்த்தாள்.

"நீ ரொம்ப மோசம்" என்றாள்.

"ஆமாண்டி என் கண்ணு. ரொம்ப மோசம்" என்றாள் தபீதாள்.

சௌந்தி ஜன்னல் கம்பியை விட்டுவிட்டுக் கழியைப் பிடித்தாள்.